ஹாலேயில் ஓர் ஓலை, தரங்கம்பாடியில் ஒரு கோட்டை

நம் சங்க அன்பர்களில் பலருக்குப் பிள்ளைகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். நீலசந்திராவில் எங்கள் தெருவிலிருந்தே ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மூன்று குடும்பங்கள் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுகின்றன. திரும்பி வந்ததும் வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்துப் படங்களைக் காட்டுவார்கள். "இது எந்த ஊர்?" என்று கேட்டால் கணவர் ஒரு பெயர் சொல்வார், மனைவி வேறொரு பெயர் சொல்வார். ஒன்பது நாளில் ஆறு நாடு பார்த்தால் அப்படித்தான் ஆகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படிப் பார்த்தவன்தான். பழைய ஊர்களையும் அருங்காட்சியகங்களையும் எப்படிப் பார்த்தால் மனதில் நிற்கும் என்பதை என் பேத்தியிடமிருந்து அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே பெரும்பாலும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். என் மகன் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் வேலை பார்க்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் அங்கே போய் இரண்டு மாதம் தங்கியிருந்தோம்.

மரச்சட்டத்து வீடுகளும் முதல் ரயிலும்

வார இறுதிகளில் மகன் எங்களை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போவான். அப்படிப் பார்த்த ஊர்களில் க்வெட்லின்பர்க் என்ற சிற்றூர் என்னை மிகவும் கவர்ந்தது. கட்டை மரங்களைச் சட்டங்களாகப் பூட்டி, இடைவெளிகளைக் களிமண்ணாலும் செங்கல்லாலும் அடைத்துக் கட்டிய பழைய வீடுகள் அங்கே ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 1994இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வீட்டின் பாரம் முழுவதையும் மரச்சட்டமே தாங்குகிறது. சுவர் வெறும் அடைப்புதான். இன்றைய கான்கிரீட் தூண் கட்டடத்தின் தத்துவமும் இதுவே. பல வீடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் விழாமல் நிற்கின்றன. உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன, ஜன்னலில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

நூரம்பெர்க்கில் ரயில்வே அருங்காட்சியகம் பார்த்தோம். ஜெர்மனியின் முதல் ரயில் 1835 டிசம்பர் 7 அன்று அந்த நகரத்திலிருந்து பக்கத்து ஊரான ஃபியூர்த்துக்கு ஓடியது. இழுத்த எஞ்சின் இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் கம்பெனி செய்தது. நம் பக்கத்து முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது 1856இல். இடையில் இருபத்தோரு ஆண்டுதான் என்று கணக்குப் போட்டு நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, என் மனைவி கால் வலி என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே நாளில் இரண்டு மியூசியம் பார்க்கக் கூடாது என்ற பாடத்தை அன்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அலமாரியில் தமிழ்

லைப்சிக்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் ஹாலே என்ற நகரம். அங்கே 1698இல் ஃபிராங்கே என்ற பேராசிரியர் அனாதைக் குழந்தைகளுக்காகக் கட்டத் தொடங்கிய பெரிய இல்லமும் பள்ளிகளும் இன்றும் இருக்கின்றன. இல்லத்தின் மாடிக்கு ஏறினால், கூரையை ஒட்டிய அறையில் ஓர் அருங்காட்சியகம். வண்ணம் தீட்டிய 16 பழைய அலமாரிகள், அவற்றில் சங்கும் கல்லும் பதப்படுத்திய பிராணிகளும் தொலைதேசத்துப் பொருள்களும், உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு முதலை. மாணவர்கள் உலகத்தைக் கண்ணால் கண்டு படிக்க வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தி வைத்தது, ஏறக்குறைய அதே அமைப்பில் இருக்கிறது.

பேத்தி அலமாரி அலமாரியாக ஓடிக்கொண்டிருந்தவள் ஒன்றின் முன் நின்று, "தாத்தா, இது நம்ம எழுத்து!" என்று கத்தினாள். பனையோலையில் தமிழ். பக்கத்தில் நின்ற ஜெர்மானியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். இரண்டு மூன்று எழுத்து பிடிபட்டது. ஒரு சொல்கூடத் தேறவில்லை. பெருமை எல்லாம் போய் முகம் தொங்கிவிட்டது. "பழைய எழுத்தும்மா" என்று சமாளித்தேன். "உங்களுக்குத் தமிழ் தெரியும்னு அப்பா சொன்னாரே" என்றாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஓர் எழுத்துகூடத் தெரியாது. அன்று அந்த ஓலைக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒன்றுதான்.

ஏன் படிக்க முடியவில்லை என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும். அதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. 'க' என்று இருந்தால் அது 'க'வா 'க்'கா என்பதை நாமே இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. இன்று நாம் எழுதும் வேறுபாடு வீரமாமுனிவர் காலத்துச் சீர்திருத்தம். துணைக்காலும் 'ர'வும் ஒரே வடிவம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் கிடையாது. தமிழ் தெரிந்தவர்களும் பயிற்சி இல்லாமல் ஓலையைப் படிக்க முடியாததற்குக் காரணம் இதுதான். இது தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் பேத்தியின் அடுத்த கேள்வி என்னை விடவில்லை: "இது எங்கேயிருந்து இங்கே வந்தது?"

அந்த விடைதான் தரங்கம்பாடி.

அலைகள் பாடும் ஊர்

மயிலாடுதுறை மாவட்டத்தில் கடலோரமாக இருக்கும் சிற்றூர் தரங்கம்பாடி. அங்கே கடற்கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் 1306ஆம் ஆண்டளவில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று கல்வெட்டு சொல்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

டென்மார்க் நாட்டு அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஆதரவில் 1616இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. 1618இல் புறப்பட்ட அவர்களுடைய கப்பல்கள் முதலில் போனது இலங்கைக்கு. அங்கே காரியம் கைகூடவில்லை. பிறகு தளபதி ஓவே ஜெட்டே சோழமண்டலக் கரைக்கு வந்து, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் 1620 நவம்பரில் உடன்படிக்கை செய்துகொண்டார். டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாடு நாடாகப் பார்க்கப் போகும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஹாலேயில் படித்தவர்கள், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பியவர்கள். அவர்கள் வந்த நோக்கம் மதப் பிரசாரம். நான் சொல்ல வருவது அவர்களுடைய மொழிக் கல்வியைப் பற்றி. சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயதுதான். திண்ணைப் பள்ளியில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இரண்டே ஆண்டில், 1708இல், தாம் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இருக்கின்றன. அதே ஆண்டின் இறுதியில் டேனிஷ் தளபதியோடு தகராறு வந்து, தம்மை அனுப்பிய அரசரின் கோட்டையிலேயே சுமார் நான்கு மாதம் சிறையிருந்தார்.

அச்சு வந்த கதை

தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில் வந்தது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. ஆனால் தொடர்ந்து நடந்த அச்சுத் தொழில் என்று பார்த்தால் தரங்கம்பாடிக்குப் பெரிய இடம் உண்டு.

லண்டனில் உள்ள ஒரு கிறிஸ்தவச் சங்கம் அச்சு இயந்திரம் ஒன்றை அனுப்பியது. வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. கூட வந்த அச்சாளர் இறந்துபோனார். இயந்திரம் மட்டும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை எழுதி ஹாலேக்கு அனுப்பி, அங்கே அச்செழுத்து வார்த்து, 1713இல் அவை கப்பலில் வந்தன. தமிழைப் படிக்கத் தெரியாத கொல்லர்கள் வார்த்த எழுத்து என்பதை நினைத்துப் பாருங்கள். அவை அளவில் பெரியவையாக இருந்தன. எழுத்து பெரிதானால் ஒரு பக்கத்தில் கொள்ளும் சொற்கள் குறையும், பக்கங்கள் கூடும். காகிதமோ கப்பலில் வர வேண்டிய அரும்பொருள். எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கு ஈயம் போதாமல், லண்டனிலிருந்து வந்த பாலாடைக் கட்டியின் ஈய உறைகளை உருக்கியதாகச் சொல்வார்கள். பொறையாறு பக்கம் காகிதம் செய்யவும் முயன்றார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அதனால் வந்ததே. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. எங்கேயாவது ஒரு சாமான் வராமல் வேலை நின்றால், கையில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கிற வித்தை ரயில்வேக்காரனுக்கு நன்றாகப் புரியும்.

1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரை உடன் அழைத்துப் போனார். ஹாலேயில் 1716இல் தமிழ் இலக்கண நூல் ஒன்று லத்தீன் விளக்கத்தோடு அச்சானது. ஆக, என் மகனுக்கு முன்னூறு ஆண்டு முன்பே அந்தப் பக்கம் ஒரு தமிழர் போய் வந்திருக்கிறார். இதைச் சொன்னபோது மகன் சிரித்துவிட்டு, "அவருக்கு அங்கே அரிசி கிடைத்திருக்குமா அப்பா?" என்று கேட்டான்.

இருப்புப் பாதை இல்லாத ஊர்

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேரம்பூரையும் ஆங்கிலேயருக்கு 12½ லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டது. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடமாகக்கூட இருந்த ஊர் பிறகு சுருங்கிவிட்டது. காரணங்களில் முக்கியமானது ரயில். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு இருப்புப் பாதை போட்டார்கள். சரக்கு ரயிலைத் தேடிப் போகும். ரயில் இருக்கும் துறைமுகத்தைக் கப்பல் தேடிப் போகும். தரங்கம்பாடியின் வியாபாரம் போயிற்று. வியாபாரம் போனதால் பழையதை இடித்துப் புதிது கட்டவும் யாரும் முன்வரவில்லை. அதனால்தான் ராஜ வீதியும் தூண் வைத்த பழைய வீடுகளும் பிழைத்தன.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1926இல். சுமார் 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று போகும். சிறுவயதில் பொறையாற்றில் இருந்த அத்தை வீட்டுக்கு அந்த வண்டியில் போயிருக்கிறேன். 1986இல் அந்தப் பாதை மூடப்பட்டது. அப்போது நான் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தண்டவாளத்தைப் போடவும் காக்கவும் படித்தவனுக்கு, தன் அத்தை வீட்டுப் பாதையைப் பெயர்த்த செய்தி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பேத்தியுடன் போனது

சென்ற டிசம்பர் விடுமுறைக்கு மகன் குடும்பம் பெங்களூர் வந்தது. மயிலாடுதுறை போகும் இரவு வண்டியில் ஏறி, காலையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் போனோம். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். ஹாலேயிலிருந்து வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் மனைவி வீடியோவில் பேத்திக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். சில வாரம் நடக்கும், சில வாரம் "பாட்டி, இன்னிக்கு வேண்டாம்" என்று ஓடிவிடும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது.

பேருந்து நிலையத்தில் பலகையைப் பார்த்து நின்றாள். "பொ... றை... யா... று. பொறையாறு! தாத்தா, உங்க அத்தை ஊர்!" என்றாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் பேச்சு வரவில்லை. ஏறுங்கள் ஏறுங்கள் என்று நடத்துநர் சத்தம் போட்டதால் தப்பித்தோம்.

வழியில் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்திஜியின் போராட்டத்தில் சிறை சென்று 1914இல் பதினாறாம் வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையின் நினைவிடம் அங்கே இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். தாயின் ஊர் தில்லையாடி. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அங்கே அரை மணி நேரம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

தரங்கம்பாடிக்குள் 1792இல் கட்டிய நகர வாயிலைத் தாண்டி நுழைகிறோம். வலமும் இடமும் பழைய கட்டடங்கள். 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரை எழுத்து இருக்கிறது; சீகன்பால்குவின் கல்லறை உள்ளே. அடுத்த ஆண்டு, 1719இல், 36 வயதில் அவர் காலமானார். அதைவிடப் பழையது 1701ஆம் ஆண்டைச் சேர்ந்த சீயோன் ஆலயம். வீதி முடியும் இடத்தில் கடல். கடலைப் பார்த்துக் கோட்டை.

கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறை அறைகளும். மேல்தளத்தில் தளபதியின் இருப்பிடமும் வழிபாட்டு அறையும் இருந்தன. கூரைக்கு இரும்பும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே. வளைவாகக் கட்டினால் மேலிருக்கும் பாரம் இரு பக்கமும் இறங்கிச் சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தாங்கவே சுவர் இவ்வளவு கனம். எங்கள் ரயில் பாலங்களின் பழைய வளைவுகளும் இப்படித்தான் நிற்கின்றன. பேத்தியை எதிரே நிறுத்தி, இருவரும் உள்ளங்கைகளைச் சேர்த்து ஒருவர் மீது ஒருவர் சாய்ந்து நின்றோம். "ஒருத்தர் நகர்ந்தா ரெண்டு பேரும் விழுவோம்" என்றாள். ஆர்ச் பாடம் அதோடு முடிந்தது.

தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலைச் சாடிகள், வாள், ஈட்டி, சுதை உருவங்கள், திமிங்கில எலும்பு என்று சிறிய சேகரிப்பு. சீகன்பால்கு வாழ்ந்த வீட்டில் ஹாலே நிறுவனத்தின் முயற்சியில் 2017இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே போனதும் பேத்தி கேட்டாள்: "அந்த ஓலை இங்கேயிருந்துதான் போச்சா?" ஆம் என்றேன். "அப்ப நான் ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன்" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

எனக்குத் தெரிந்த வரையில் நான்கு விஷயங்கள்.

ஒன்று: ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகம் போதும். அதிலும் மூன்று பொருளைத் தேர்ந்தெடுத்து நின்று பாருங்கள்.

இரண்டு: ஒவ்வொரு பொருளிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே செய்தது, எதற்காகச் செய்தது, இங்கே எப்படி வந்தது. மூன்றாவது கேள்வி பல நேரம் நம் ஊரில் கொண்டுவந்து விடும்.

மூன்று: வெளிநாடு போகும்வரை காத்திருக்க வேண்டாம். பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ள ஆதகூர் நடுகல்லைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பன்றியோடு சண்டையிட்டு இறந்த காளி என்ற நாயின் நினைவாக நட்ட கல் அது. சோழ இளவரசர் ராஜாதித்தர் தக்கோலத்தில் போரில் வீழ்ந்த செய்தியும் அதே கல்லில் கன்னடத்தில் இருக்கிறது.

நான்கு: தரங்கம்பாடிக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. டிசம்பரில் மழை வரலாம். எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் மழையில் போயிற்று. வார விடுமுறை எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். சாப்பாட்டுக்கு வழி செய்துகொள்ளுங்கள், ஊர் சிறியது.

திரும்பும் வழியில் பேருந்து ஜன்னலோரம் பேத்தி உட்கார்ந்து கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தாள். தப்பும் சரியுமாக. நான் பழைய ரயில் பாதையின் மண்மேடு எங்காவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். சில இடங்களில் தெரிந்தது. பாதையை எடுத்துவிட்டாலும் மேடு சுலபத்தில் கரைவதில்லை. நம் பிள்ளைகள் எந்த நாட்டில் வளர்ந்தாலும், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்த்தி எழுத்துச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை ஹாலேக்குப் போகும்போது அந்த அலமாரி முன் பேத்தியை நிறுத்திவிட்டு, "நீ படி" என்று சொல்லலாம் என்று இருக்கிறேன். அதற்குள் நானும் ஓலை படிக்கக் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும்.